வக்கீல் மாட்டிய கண்ணாடி

ஒருவரைப் பார்த்ததும் முதலில் அவர் செருப்பைக் கவனிப்பவர்கள் உண்டு. கைக்கடிகாரத்தைக் கவனிப்பவர்களும் உண்டு. அவள் கண்ணைக் கவனிப்பாள். அழகு பார்ப்பதற்கு இல்லை. இடது கண் வலது கண்ணைவிடக் கொஞ்சம் சுருங்குகிறதா, படிக்கும்போது தலை சாய்கிறதா, இந்த ஆள் கண்ணாடி மாற்றி எத்தனை வருஷமாயிருக்கும் என்று பார்ப்பாள். கண் பரிசோதனை படித்துவிட்டுப் பெரிய கண் ஆஸ்பத்திரி ஒன்றில் சில வருஷம் வேலை பார்த்து, பிறகு சொந்தமாகக் கண்ணாடிக்கடை வைத்தவள். கடைக்கு ஒரு பக்கம் ஜெராக்ஸ் கடை, மறுபக்கம் பல் டாக்டர். "பல்லுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் பயந்துபோய் என் கடைக்குள்ள நுழைஞ்சிடறாங்க" என்று விளையாட்டாகச் சொல்வாள். அது முழுக்க விளையாட்டும் இல்லை.

கணவரை அவள் முதன்முதலாகப் பார்த்தது, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஏற்பாடு செய்த ஒரு சந்திப்பில், ஓர் ஓட்டலில். மாப்பிள்ளை மெனு அட்டையை மூக்கில் முட்டுகிற மாதிரி பிடித்துப் படித்தார். பேச்சை யார் ஆரம்பிப்பது என்று இருவரும் தயங்கிக்கொண்டிருந்தபோது அவள்தான் வாயைத் திறந்தாள்.

"மைனஸ் ரெண்டு இருக்கும்."

"என்னது?"

"உங்க பவர். ரெண்டுக்குக் கொறையாது."

அவர் வங்கி அதிகாரி. பெண் தன் சம்பளத்தைக் கேட்பாள், ஊர் மாற்றலைப் பற்றிக் கேட்பாள் என்று பதில்களைத் தயார் செய்துகொண்டு வந்தவர். இதற்குத் தயாராக இல்லை. பரிசோதித்தபோது மைனஸ் இரண்டரை வந்தது. கண்ணாடியும் வந்தது, கல்யாணமும் நடந்தது. அன்று தொடங்கி எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அவர் மூக்கில் அவள் செய்துகொடுத்த கண்ணாடிதான். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அதைக் கழற்றிவைப்பார். அது ஸ்குவாஷ் கோர்ட்.

ஸ்குவாஷ் என்பது நாலு சுவருக்குள் இரண்டு பேர் அடைபட்டுக்கொண்டு ஆடும் ஆட்டம். டென்னிஸ் மாதிரி நடுவில் வலை கிடையாது, எதிராளி அந்தப் பக்கம் இருப்பதும் கிடையாது. இருவரும் ஒரே பக்கம் நின்று, ஒரே சுவரில், மாற்றி மாற்றிப் பந்தை அடிக்க வேண்டும். முன்னால் நிற்பவனுக்குப் பின்னால் இருப்பவன் என்ன செய்கிறான் என்று தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத் திரும்பினால், பந்து முகத்துக்கு நேராக வந்துகொண்டிருக்கலாம். சின்னப் பந்துதான், கறுப்பு ரப்பர். அந்தச் சின்ன அளவில்தான் ஆபத்தே இருக்கிறது. பெரிய பந்து வந்து மோதினால் புருவ எலும்பும் கன்ன எலும்பும் தாங்கிக்கொள்ளும். இந்தப் பந்து அளவெடுத்துச் செய்தமாதிரி கண்குழிக்குள் போய் உட்காரும்.

இது அவளுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. ஆஸ்பத்திரியில் இருந்தபோது, இதே பந்து கண்ணில் பட்ட ஒரு விளையாட்டு ஆசிரியரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள். கண்ணுக்குள் ரத்தம் பாதி கிண்ணம்போலத் தேங்கியிருந்தது. ரத்தம் வடிந்தது, பார்வை திரும்பவில்லை. அவர் மாதாமாதம் வந்து, எழுத்துப் பலகையின் முதல் எழுத்தைக்கூடப் படிக்க முடியாமல், "இன்னிக்கு வெளிச்சம் கம்மிங்களா?" என்று கேட்பார். அறையில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். அவளும் "ஆமாங்க, கொஞ்சம் கம்மிதான்" என்பாள்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் கன்னத்தில், கண்ணுக்குச் சற்றுக் கீழே, வட்டமாக ஒரு நீலத் தடத்தோடு வீட்டுக்கு வந்து நின்றபோது அவளுக்கு அந்த ஆசிரியர்தான் கண்முன் வந்தார்.

"என்னங்க இது?"

"கதவு இடிச்சிடுச்சு."

"எந்தக் கதவு இவ்வளவு வட்டமா இருக்கு?"

அவர் பத்திரிகையை விரித்து அதற்குள் போய்விட்டார். கண்ணாடி போடாமல் எப்படி ஆடுகிறீர்கள், பந்து தெரிகிறதா என்று அவள் நச்சரித்ததற்கு, பத்திரிகைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "சத்தத்துலேயே தெரியும். எத்தனை வருஷமா ஆடறேன்."

அடுத்த வாரமே அவருடைய பவரில், அடித்தாலும் உடையாத லென்ஸ் போட்டு, தலையைச் சுற்றிப் பட்டி வைத்து, விளையாட்டுக் கண்ணாடி ஒன்று செய்து கொடுத்தாள். அவர் அதை ஒருமுறை மாட்டிப்பார்த்து, "வெல்டிங் பண்றவன் மாதிரி இருக்கேன்" என்று சொல்லி அலமாரியில் வைத்தார். நிஜமான காரணத்தை இரண்டு நாள் கழித்துச் சொன்னார். "கிளப்ல ஒருத்தனும் போடறதில்ல. நான் மட்டும் போட்டா, பொண்டாட்டிக்குப் பயந்து போட்டுட்டு வர்றான்னு சொல்லுவாங்க."

அப்படியானால் கிளப்பில் எல்லோரையும் போடவைத்தால் போயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. அவள் அதைச் சொன்னதும் கல்லூரியில் படிக்கும் மகள், காதிலிருந்து இயர்போனைக் கழற்றி, "அப்பா ஒருத்தரைத் திருத்த முடியல, மொத்த கிளப்பையும் திருத்தப் போறியாம்மா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

கிளப் செயலாளர் நல்ல மனிதர். யார் எதைக் கேட்டாலும் 'செய்யலாமே' என்பார். அதற்குமேல் எதுவும் செய்யமாட்டார். ஆனால் இவள் விடாமல் போய் நின்றதால், மாதாந்திரக் கூட்டத்தின் கடைசியில், சாப்பாட்டுக்கு முன்னால், பேச நேரம் கொடுத்தார். பசியோடு இருக்கும் ஆண்களிடம் பேசுவது எப்படிப்பட்டது என்று அவளுக்கு அன்று தெரிந்தது. ஒரு பந்தையும் முட்டை வைக்கும் பீங்கான் கிண்ணம் ஒன்றையும் எடுத்துப்போயிருந்தாள். பந்தைக் கிண்ணத்தில் வைத்துக் காட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. "உங்க கண் இருக்கற எடமும் இவ்வளவுதான்" என்றாள். சாதாரணக் கண்ணாடி போட்டு ஆடினால் அது உடைந்து கண்ணில் குத்தும், அது இன்னும் மோசம் என்றாள். விளையாட்டு ஆசிரியரைப் பற்றியும் சொன்னாள்.

அமைதியாகக் கேட்டார்கள். கை தட்டினார்கள். பிறகு எழுந்தது சாம்பியன்.

அவர் வக்கீல். குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்குகள் மட்டும் எடுத்து நடத்துபவர். கோர்ட் என்று எதைச் சொன்னாலும் அதில் தான்தான் ஜெயிக்க வேண்டும் என்று நினைப்பவர். கிளப்பில் அவருக்குப் பெயர் 'மின்னல்'. "மேடம் ரொம்ப அழகா பேசினாங்க" என்று ஆரம்பித்தார். "ஒரே ஒரு சந்தேகம். பந்து கண்ணுல படறது கத்துக்குட்டிங்களுக்கு. ஆடத் தெரிஞ்சவன் கண்ணுல எப்படிப் படும்?"

"ஆடத் தெரிஞ்சவர் கண்ணுலயும் படும் சார். எதிர்ல ஆடறவருக்கு ஆடத் தெரியலன்னா."

சிரிப்பு எழுந்தது. ஆனால் வக்கீல் அசரவில்லை. "ஆவி படியும், பக்கவாட்டுல தெரியாது, அதுவும் போக..." என்று சொல்லி, கூட்டத்தை ஒரு சுற்று பார்த்து, "மேடம், உங்க கடை எங்க இருக்கு?" என்று கேட்டார்.

சிரிப்பு பலமடங்கானது. அவ்வளவுதான், பேச்சு அங்கேயே படுத்துவிட்டது. கணவர் தட்டு எடுக்கப்போகிற சாக்கில் எழுந்து போயிருந்தார்.

அவள் விடவில்லை. அறிவிப்புப் பலகையில் ஒரு படம் ஒட்டினாள். ஈரத் துண்டுகளை நாற்காலியில் போடாதீர்கள் என்ற அறிவிப்புக்குப் பக்கத்தில் அது இடம் பிடித்தது. ஒரு வாரத்தில் அதிலிருந்த முகத்துக்கு யாரோ மீசை வரைந்திருந்தார்கள். வியாபாரம் என்றுதானே சொல்கிறார்கள் என்று, ஒரு பெட்டி நிறையக் கண்ணாடிகளைக் கொண்டுபோய்க் கோர்ட் வாசலில் வைத்தாள். யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், ஆடி முடித்துத் திரும்ப வைத்தால் போதும். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது பெட்டியில் ஒன்று குறைந்தது. அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. ஒருத்தராவது போட்டுக்கொள்கிறாரே!

யார் என்று விசாரித்ததில் கேன்டீன் பக்கம் கையைக் காட்டினார்கள். உள்ளே சமையல் மாஸ்டர் கண்ணாடியைப் பட்டியோடு மாட்டிக்கொண்டு, மலைபோலக் குவிந்த வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதைக் கொண்டுவந்து வெச்சது நீங்கதானா? நல்லா இருக்கணும் நீங்க! ஒரு சொட்டுத் தண்ணி வரல கண்ணுல. வேலைக்குச் சேந்த நாளா அழுதுட்டே கிடந்தேன்க்கா."

அவளுக்குத் திருப்பிக் கேட்க மனம் வரவில்லை. "மாஸ்டர், லென்ஸை ஈரத்துணியால துடைக்காதீங்க, கோடு விழுந்துடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். பிரசாரம் பலித்ததா இல்லையா என்று அவளாலேயே தீர்மானிக்க முடியவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை அவள் கடை ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் வக்கீல் நின்றுகொண்டிருந்தார். மழை மூட்டமான நேரத்தில் கறுப்புக் கண்ணாடி. உள்ளே வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கழற்றினார். வலது கண்ணைச் சுற்றிக் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது.

"பந்தா?" என்று கேட்டாள். குரலில் துளி சந்தோஷம் எட்டிப்பார்த்ததோ என்று உடனே அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

"பந்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. குளியலறையில சோப்பு கீழ விழுந்துச்சு. எடுத்துட்டு நிமிர்ந்தேன். குழாய்." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "மேடம், சனிக்கிழமை ஃபைனல்ஸ். இந்த மூஞ்சியோட நான் எப்படிப் போவேன்?"

"குழாய் இடிச்சதுன்னு சொல்லுங்க."

"நான் யாருக்கு வக்கீல்னு உங்களுக்குத் தெரியும். எவளோ ஒருத்தியோட புருஷன் என்னை அடிச்சுட்டான்னு ஊரே சொல்லும். இல்லேன்னா, என் வீட்டுக்காரியே அடிச்சுட்டான்னு சொல்லும். அது இன்னும் கேவலம். குழாய்னு சொன்னா ஒருத்தன் நம்புவானா? நானே நம்பமாட்டேன்."

அதில் நியாயம் இருந்தது. அவள் முதலில் அவரை அடுத்த தெருவில் இருந்த கண் டாக்டரிடம் அனுப்பினாள். உள்ளே ரத்தம் கட்டவில்லை, விழித்திரையில் கோளாறு இல்லை, வெளி வீக்கம்தான், பார்வை தெளிவாக இருந்தால் ஆடலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த பிறகுதான் கண்ணாடியைத் தேடினாள். அகலமான ஃப்ரேம், லேசான பழுப்பு நிறம், உடையாத லென்ஸ். மாட்டிக்கொண்டு, நிலைக்கண்ணாடி முன் நின்று வக்கீல் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். வீக்கம் ஃப்ரேமுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

"இது நமக்குள்ளயே இருக்கட்டும் மேடம்."

"என்கிட்ட கண்ணைக் காட்ட வந்தவங்களைப் பத்தி நான் வெளிய பேசறதில்ல சார்."

சனிக்கிழமை வக்கீல் பழுப்புக் கண்ணாடியோடு இறங்கினார். போன வருஷம் கடைசிப் பாயிண்ட்வரை போராடி அவரிடம் தோற்ற பல் டாக்டர்தான், ஆமாம், அவளுடைய பக்கத்துக் கடைக்காரர்தான், எதிரில். இந்த வருஷம் பல் டாக்டர் ஆரம்பத்திலேயே குழம்பிவிட்டார். மின்னல் ஏன் கண்ணாடி போட்டிருக்கிறது, அதற்குப் பின்னால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யோசித்து யோசித்தே பந்துகளைக் கோட்டை விட்டார். வக்கீல் சுலபமாக ஜெயித்தார்.

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவரை எல்லோரும் மொய்த்துக்கொண்டார்கள். என்ன சார் திடீர்னு கண்ணாடி? குழாய் என்று சொல்ல முடியாது. பாதுகாப்புக்காக என்று சொன்னால் மேடத்திடம் தோற்ற மாதிரி ஆகிவிடும். தொழில் புத்தி கைகொடுத்தது.

"பந்து பெரிசா தெரியுதுப்பா. மெதுவா வர்ற மாதிரி இருக்கு."

திங்கட்கிழமை கடை திறந்தபோது கூட்டம் நின்றது. ஆவி படியும் என்றவர்கள், பக்கவாட்டில் தெரியாது என்றவர்கள், படத்துக்கு மீசை வரைந்தவர் யாரோ அவரும் நிச்சயம் அதில் இருந்திருப்பார், எல்லோரும் வந்திருந்தார்கள். வக்கீல் கண்ணாடி வேண்டும். அந்தப் பழுப்புதான் வேண்டும்.

"சார், இது பந்தைப் பெரிசாக்காது. பவரே இல்லாத லென்ஸ். கண்ணைக் காப்பாத்தும், அவ்வளவுதான்."

"அதெல்லாம் சரிங்க மேடம். பழுப்பு இருக்கா?"

"உள் அரங்கத்துல பழுப்பு வேண்டாம் சார், நிறமில்லாததுதான் நல்லது."

"அப்போ வக்கீலுக்கு மட்டும் ஏன் பழுப்பு குடுத்தீங்க?"

இதற்குப் பதில் சொல்ல அவளால் முடியாது, வாக்குக் கொடுத்திருக்கிறாள். அவள் தயங்கியதைப் பார்த்து, ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று அவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். அவள் மறுக்க மறுக்க நம்பிக்கை வலுத்தது. வாங்கிக்கொண்டு போன ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொன்னாள். சிகரெட் அட்டையில் எழுதியிருக்கும் எச்சரிக்கையைப் படிப்பதுபோல அவர்கள் அதைக் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த வாரம் ஒருவர் தன் பேக்ஹேண்ட் அடியே மாறிவிட்டது என்று நன்றி சொல்ல வந்தார். பல் டாக்டர் இரண்டு வாங்கினார்.

இரண்டு மாதத்தில் கிளப்பில் கண்ணாடி இல்லாத முகம் ஒன்றே ஒன்றுதான். அது அவள் கணவருடையது.

"இப்பத்தான் எல்லாரும் போடறாங்களே, இன்னும் என்ன?" என்று கேட்டாள்.

"நீயே சொன்னியே, பந்து பெரிசா தெரியாதுன்னு. அப்புறம் எதுக்குப் போடணும்?"

ஊரெல்லாம் காது கொடுக்காத அவள் வார்த்தையை நம்பிய ஒரே மனிதர் அவர்தான். அவர் ஒருவர்தான் வெறும் கண்ணோடு ஆடிக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பதா, கையிலிருந்த கரண்டியை வீசுவதா என்று தெரியவில்லை.

கடைசியில் அவரை வழிக்குக் கொண்டுவந்தது செயலாளர். ஆண்டு மலருக்குக் குழுப் புகைப்படம் எடுத்தபோது, ஒருத்தர் மட்டும் கண்ணாடி இல்லாமல் நிற்பது பார்க்க நன்றாக இல்லை என்று அவருக்குத் தோன்றியது. இனிமேல் கோர்ட்டுக்குள் கண்ணாடி கட்டாயம் என்று விதி போட்டுவிட்டார். எதையும் செய்யாத மனிதர் வாழ்நாளில் செய்த ஒரே காரியம். அதையும் புகைப்படத்துக்காகச் செய்தார்.

கணவர் அலமாரியைத் திறந்து, பவர் போட்ட விளையாட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது முகம் தொங்கியிருந்தது. எல்லோரிடமும் தோற்றிருந்தார். அடுத்த வாரமும் அதே கதை.

"என்னங்க ஆச்சு?"

"பந்து தெரியுது."

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? இவ்வளவு நாளா சத்தத்தைக் கேட்டு, குத்துமதிப்பா அடிப்பேன். சரியா விழும். இப்ப பாத்தா, என்னமா வருது தெரியுமா? அதைப் பாத்ததும் கை தானா ஒதுங்குது. இத்தனை வருஷமா அதுக்குள்ள நின்னுட்டிருந்தேன்னு நெனச்சாலே பகீர்ங்குது."

அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். முகத்தை அவர் பார்க்கக் கூடாது என்பதற்காக.

அப்போதுதான் வேறொரு தலைவலி வந்தது. வக்கீலுக்குக் கண் எப்போதோ ஆறியிருந்தது. யாரும் சந்தேகப்படக் கூடாதென்று இதுவரை கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தவர் இப்போது கழற்றிவிட்டார். விதியாவது கிதியாவது, மின்னலை நிறுத்திக் கேட்கச் செயலாளருக்குத் தைரியம் ஏது? ஒரு வாரம் சாம்பியன் வெறும் கண்ணோடு ஆடினார். மறுவாரம் இன்னும் மூன்று பேர் கழற்றினார்கள். சாம்பியனே வேண்டாமென்று விட்டுவிட்டார் என்றால் அதில் ஏதோ இருக்கும்.

அவள் நேராக வக்கீலின் அலுவலகத்துக்குப் போனாள். வெளி அறையில் இரண்டு தம்பதிகள் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒரே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வக்கீல் அவளை உள்ளே கூப்பிட்டார்.

"கண்ணாடியை ஏன் கழட்டிட்டீங்க சார்?"

"வீக்கம் போயிடுச்சே மேடம்."

"உங்க வீக்கம் போயிடுச்சு. ஆனா நீங்க அன்னிக்கு ஒரு பொய் சொன்னீங்க இல்ல, அதை நம்பித்தான் கிளப்ல இத்தனை பேர் கண்ணு பத்திரமா இருக்கு. நான் உண்மையைச் சொல்லிச் சொல்லித் தொண்டைத்தண்ணி வத்தினதுதான் மிச்சம். யாரும் கேக்கல. நீங்க ஒரு வரி பொய் சொன்னீங்க, எல்லாரும் கேட்டாங்க."

"அதனால?"

"அதனால தயவுசெஞ்சு அந்தப் பொய்யை நிறுத்தாதீங்க."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "மேடம், என் தொழில்ல பொய் சொல்லாதீங்கன்னு கெஞ்சினவங்களைப் பாத்திருக்கேன். பொய் சொல்லுங்கன்னு மனசாட்சியோட வந்து கேக்கறது நீங்கதான் முதல் ஆள்."

"எனக்கும் கூச்சமாத்தான் இருக்கு."

"நல்லதுக்குத்தானே கேக்கறீங்க, விடுங்க" என்றார் அவர். முதல்முறையாக அவர் குரலில் கிண்டல் இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போட்டுக்கொள்கிறேன் என்றார். அவள் படி இறங்கும்போது, உண்மையைச் சொல்லி வளர்த்த தன் அப்பாவிடம் மனசுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாருக்கோ பட்டி தளர்ந்துவிட்டது என்று சரிசெய்துகொடுக்க அவள் கிளப்புக்குப் போயிருந்தாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வக்கீலும் கணவரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். சொன்ன சொல் தவறாமல் வக்கீல் பழுப்பை மாட்டியிருந்தார். கணவர் முன்சுவர் மூலைக்கு ஓடிப் பந்தை மெல்லத் தட்டிவிட்டார். அது சுவரில் பட்டு நடுவில் எகிறி வந்தது. வக்கீல் கையை முழுசாக ஓங்கினார். அந்த நொடியில் கணவர், என்ன நடக்கிறது என்று பார்க்க, திரும்பினார்.

சத்தம் வித்தியாசமாக இருந்தது. சுவரில் படும் சத்தம் இல்லை.

அவர் அப்படியே நின்றார். கண்ணாடி கோணலாகி மூக்கு ஓரத்தில் கீறி ரத்தம் துளிர்த்திருந்தது. லென்ஸின் நடுவில், சரியாகக் கருவிழிக்கு முன்னால், கறுப்பாக வட்டத் தடம். உடையவில்லை. மட்டை கீழே விழுந்த ஓசை கேட்டது, அது வக்கீலுடையது. அவர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கணவர் வக்கீலையும், கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்ற அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "பாயிண்ட் யாருக்கு?" என்றார்.

அவள் எப்படிக் கதவைத் திறந்தாள், எப்படி உள்ளே போனாள் என்பது அவளுக்கு நினைவில்லை. கண்ணாடியைக் கழற்றி, அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஒரு கண்ணைப் பொத்தி விரல்களைக் காட்டினாள். "எத்தனை?"

"ரெண்டு. எல்லாரும் பாக்கறாங்க, விடு."

"இப்போ?"

"மூணு. விடும்மா."

கண் டாக்டரையும் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது அவள்தான் கார் ஓட்டினாள். ஈரத் துண்டை ஏன் பின் சீட்டில் போட்டீர்கள் என்று ஆரம்பித்து, போன மாதம் மறந்துபோன காஸ் சிலிண்டர் வரைக்கும் இழுத்து, வழி நெடுக அவரைத் திட்டித் தீர்த்தாள். சிக்னலில் வண்டியை நிறுத்தியபோது மூச்சு முட்டி நிறுத்திக்கொண்டாள்.

"தெரிஞ்சுது" என்றார் அவர்.

"என்ன தெரிஞ்சுது?"

"பந்து வர்றது. கடைசிவரைக்கும் தெரிஞ்சுது. அதுல இருக்கற மஞ்சள் புள்ளிகூட."

சிக்னல் விழுந்து பின்னால் ஹாரன் அடிக்கும்வரை வண்டி நகரவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் வக்கீல் தானாகவே எழுந்தார். ஒன்றையும் மறைக்கவில்லை. சோப்பு, குழாய், வீக்கம், பொய் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். பந்து பெரிதாகவும் தெரியாது, மெதுவாகவும் வராது, ஆனால் பேங்க் சார் இன்றைக்கு இரண்டு கண்ணோடு உட்கார்ந்திருப்பது அந்தக் கண்ணாடியால்தான் என்றார். அவருடைய வாழ்க்கையில் அவர் பேசிய மிக நேர்மையான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

ஒருவரும் நம்பவில்லை.

"குழாயாம்! கேக்கறவன் கேனையன்னு நெனச்சுட்டாரு" என்றார் பல் டாக்டர், சாப்பாட்டு வரிசையில். "சூட்சுமம் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சுல்ல. அதான் நம்ம எல்லாரையும் கழட்ட வைக்கப் பாக்கறாரு. அடுத்த ஃபைனல்ஸ் வருதுல்ல." எல்லோரும் தலையாட்டினார்கள். குழாயை நம்பாதவர்கள், மேடமும் வக்கீலும் இப்போது ஒரே வார்த்தையைப் பேசுகிறார்கள் என்பதை வைத்து, ஏதோ கமிஷன் ஏற்பாடு என்றும் பேசிக்கொண்டார்கள். ஆனால் கண்ணாடியை ஒருவரும் கழற்றவில்லை. முன்னைவிட இறுக்கமாகவே பட்டியைக் கட்டினார்கள். வக்கீலுக்கு மட்டும் பெரிய ஏமாற்றம். "உண்மையைச் சொன்னா மனசு லேசாகும்னாங்களே மேடம்" என்று அவளிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார்.

கணவர் லென்ஸை மாற்றிக்கொண்டார். அவருடைய ஆட்டம் பழையபடி வரவில்லை; இனியும் வராது என்றே தோன்றுகிறது. தோற்றுவிட்டு வருகிறார், தோற்ற விதத்தை இரவுச் சாப்பாட்டின்போது விலாவாரியாக வர்ணிக்கிறார். பந்து எந்தக் கோணத்தில் வந்தது, எவ்வளவு அருமையாகத் தெரிந்தது என்று சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை தொனிக்கும். மகள் இயர்போனைக் கழற்றாமலேயே கேட்டுக்கொள்வாள்.

போன வாரம் கிளப்பில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கடைக்கு வந்தார். பந்தைப் பெரிசாகக் காட்டும் கண்ணாடி இங்கேதான் கிடைக்குமாமே என்றார். அவள் அவரை உட்காரவைத்துக் கண்ணைப் பரிசோதித்தாள். வழக்கம்போல, அது பந்தைப் பெரிசாக்காது, கண்ணைத்தான் காப்பாற்றும் என்று சொன்னாள். அவர் வழக்கம்போலத் தலையாட்டினார். நிறமில்லாத லென்ஸை மாட்டிவிட்டு, பின்னால் போய்ப் பட்டியைச் சரியாக இறுக்கினாள். அவர் எழுந்து வாசலுக்குப் போய் எதிர்க் கட்டடத்துப் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மேடம், எல்லாம் பெரிசாத்தான் தெரியுது."

"தெரியும்" என்றாள் அவள்.